நடுவயசு வண்டிக்கு நாதியில்ல மருமவனே

வா மருமவனே, உக்காரு. கொட்டாஞ்சேனைல இருக்க உங்க பெரியப்பா உனக்கு ஒரு காரு தாராராம்லா? அதைக் கொழும்புலேருந்து கொண்டாந்து நம்ம தூத்துக்குடி ரோட்டுல ஓட்டப்போறியாம்லா? உங்க அம்மை தண்ணிக் குழாயடில சொல்லிட்டா. குழாயடில சொன்ன சேதியக் கெசட்ல வேற போடணும்னு இல்ல. நல்ல காரியம்ல, சந்தோசம். ஊருக்குள்ள முதல் மால வாங்கிப் போட நான் தயார். மாலையக் காருக்குப் போடதா, உனக்குப் போடதாங்கதைத்தான் பேசித் தீத்துக்கணும்.

நான் ஒரு காலத்துல ஹார்பர்ல கிளியரிங் ஏஜெண்டு ஒருத்தருகிட்ட குமாஸ்தாவா இருந்தவன். கப்பல்ல வந்த சரக்கைக் கண்ணால பாத்தது கொஞ்சம், அது கூட வந்த காகிதத்தப் பாத்ததுதான் அதிகம். அந்த ஒரு யோக்கியதைலதான் பேசுதேன். மத்தபடி எனக்கு கியர் போடக்கூடத் தெரியாது.

நம்ம ஹார்பர லேசா நெனச்சிராத. 1974 ஜூலைல பெரிய துறைமுகம்னு அறிவிச்ச நாள்லேருந்து அது பாக்காத சரக்கு இல்ல. நிலக்கரி எறங்குது, உரம் எறங்குது, ரோட்டையே அடைச்சுக்கிட்டு வார காத்தாடி இறக்கை கப்பலேறுது. இம்புட்டும் நடக்க எடத்துல என் ஒத்தக் காரு எறங்கக் கூடாதான்னு கேப்ப. கூடாது மருமவனே. வெளிநாட்டுல ஓடின பழைய காரு இந்தியாவுக்குள்ள வரணும்னா மும்பைத் துறைமுகம் வழியாத்தான் வரணும்னு டெல்லில எழுதி வச்சிருக்காவ. கொழும்பு நமக்கு சுமார் 150 கடல் மைலு. உன் காரு அங்கன கப்பலேறி, தூரத்துலேருந்தே நமக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, குமரிமுனையச் சுத்தி, கேரளாவையும் கோவாவையும் தாண்டி மும்பைல எறங்கணும். அங்கனருந்து பதியாத வண்டியா அது தன் காலால நடந்து வர முடியாது. லாரி மேல படுத்துக்கிட்டு வரணும். பெரியப்பா ப்ளைட்ல வந்து நம்ம வீட்டு விசேசத்துல சாப்பிட்டுட்டு, திரும்பிப் போயி, அடுத்த விசேசத்துக்கும் வந்துருவாரு. காரு வந்து சேராது.

2011 ஜூன்ல ஸ்கோஷியா பிரின்ஸ்னு ஒரு பயணிக் கப்பலு இங்கனருந்து கொழும்புக்கு விட்டாவள்ளா, அது ஓடியிருந்தா ஏத்தியிருக்கலாமேன்னு ஏங்காத. அந்தக் கப்பலே நவம்பர்ல ஓட்டத்த நிறுத்திட்டு. ஓடியிருந்தாலும் உன் காருக்குன்னு சட்டத்த மாத்திருக்க மாட்டாவ.

வெளியூர்லேருந்து வண்டி கொண்டாந்த ஆளு நம்ம ஊர்ல இல்லாமலும் இல்ல. வ.உ.சி. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலையே கொண்டாந்தாரு, 1907-ல. ஆனா அந்த மனுசன் செஞ்ச வரிசையக் கவனி. 1906 அக்டோபர் 16-ம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனியப் பதிவு பண்ணுனாரு. பங்கு சேத்தாரு. அதுக்குப் பெறவுதான் கப்பல் வாங்க ஆள் போச்சு. வக்கீலுல்லா! முதல்ல காகிதம், பெறவு கப்பல். நீ என்ன பண்ணியிருக்க? காருக்குள்ள தொங்கவிட பொம்மை வாங்கிட்ட. எந்தப் படிவம் எழுதணும்னு இன்னும் ஒருத்தருகிட்டயும் கேக்கல.

சரி, காருக்கு வயசு என்ன? பத்தா! போச்சுடா. பழைய காரு எறக்கணும்னா அது செஞ்ச தேதிலேருந்து மூணு வருசத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. எறங்கின பெறவும் இன்னும் அஞ்சு வருசம் ரோட்டுல ஓடத் தெம்பு இருக்குன்னு உறுதி காட்டணும். ஏன் இந்த வீம்புன்னு கேக்க. ஜப்பான்ல காருக்கு வயசாக ஆகப் பரிசோதனைச் செலவு கூடும். அதனால அவிய நல்லாருக்கப்பவே தள்ளிவிட்டுருதாவ. அதெல்லாம் ஆப்பிரிக்காவுக்கும், பாகிஸ்தானுக்கும், இலங்கைக்கும் போகுது. கதவத் திறந்துவிட்டா அம்புட்டும் இங்கன வந்து குவியும். புகையும் நமக்கு, உடஞ்ச பிரேக்கும் நமக்கு. இன்னொண்ணு கேளு. இலங்கைல டாலர் இல்லாம 2020 மார்ச்லேருந்து கார் இறக்குமதியவே நிறுத்தி வச்சு, 2025 பிப்ரவரிலதான் திரும்பத் தொறந்தாவ. அந்த அஞ்சு வருசத்துல அங்கன பழைய காரு வெல தங்கம் கணக்கா ஏறிட்டு. அப்படிப்பட்ட காலத்துல ஒரு மனுசன் காரைச் சும்மா தாரேங்காருன்னா, பாசமா, இல்ல பானெட்டுக்குள்ள வேற சேதி இருக்கான்னு பைய விசாரி.

இதே கடல்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துலயும் வயசு பாத்தாவ மருமவனே. முத்துப்பார்ல முதல்ல சர்க்கார் படகு போகும். கொஞ்சம் சிப்பிய மாதிரிக்கு எடுத்துக் கழுவி, முத்த வெல கட்டிப் பாக்கும். நாலஞ்சு வருசம் முதிர்ந்த சிப்பின்னாத்தான் குளிப்பு உண்டுன்னு தமுக்கடிப்பாவ. குஞ்சுச் சிப்பியத் தொடக்கூடாது. ரொம்பக் காத்துக்கிட்டு கிடந்தாலும் சிப்பி செத்துப்போயி முத்து மண்ணோட போயிரும். 1961-க்குப் பெறவு இங்கன பெரிய குளிப்பே நடக்கல. இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. சிப்பிக்கு மூணு வயசு பத்தாது. காருக்கு மூணு வயசு தாண்டக் கூடாது. கடலுக்கு நடுவயசு புடிக்கும், கஸ்டம்ஸுக்கு நடுவயசு ஆகவே ஆகாது.

பங்கு பிரிக்கதுலயும் சேதி இருக்கு. வெள்ளக்காரன் காலத்துல முங்குனவன் மூச்சடக்கி எடுத்த சிப்பில ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்குதான் அவனுக்கு. அநியாயம்னு பேசுவோம். இப்ப கஸ்டம்ஸ்ல பழைய காருக்குப் போடுத தீர்வைய எல்லாம் கூட்டிப் பாரு, காரு வெலையத் தாண்டிப் போகும். "எங்க பெரியப்பா சும்மா தந்தது, வெலையே இல்ல"ன்னு அங்கன போயி வெள்ளந்தியாச் சொல்லாத. அது புதுசுல என்ன வெலைக்கு வித்துதுன்னு பாப்பாவ, தேய்மானத்தக் கழிப்பாவ, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் கூட்டுவாவ, அதுக்கு மேல தீர்வை போடுவாவ. பெரியப்பா பாசத்துக்குக் கழிவு கிடையாது.

மூணு வயசுக்குள்ள ஒரு காரு கிடைச்சாலும் சும்மா விட்டுருவாவளா? ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும். ஹெட்லைட்டு, இடது பக்கமாப் போற ஊருக்குன்னு செஞ்சதா இருக்கணும். கொழும்புக்காரன் நம்மள மாதிரியே இடது பக்கம் போறவன், அதனால வெளிச்சத்துல தகராறு வராது. உங்க துபாய் மச்சான் ஒருத்தன் காரு அனுப்புதேன்னு சொல்லுதானே, அந்தக் காரு லைட்டை டிப் பண்ணினா வெளிச்சம் வலது பக்கமா எழும்பும். துபாய்ல அது ரோட்டோரத்தக் காட்டும். இங்கன ராத்திரி ஹார்பர் பைபாஸ்ல எதுக்க வார கரி லாரிக்காரன் கண்ணுலல்லா போயி அடிக்கும்! அவன் கண்ணைக் கசக்குத ஒரு நொடிக்குள்ள உன் மாலை எனக்குச் செலவு வச்சிரும். இடது கைப் பக்கம் ஸ்டியரிங் இருக்க வண்டிய, சிக்னல் காட்டுத கருவி ஒழுங்கா வேல செய்யாம ரோட்டுக்கே கொண்டாரக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 120-ம் பிரிவே சொல்லுது. இதெல்லாம் உன்ன அலைக்கழிக்கதுக்குன்னு நெனச்சுக்கிடாத. எதுக்க வாரவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதான், அதுக்கு.

அதுக்குப் பெறவு நம்ம நாட்டு விதிக்கு அது ஒத்து வருதான்னு புனேல இருக்க ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி பரிசோதனைக் கூடத்துல பாத்துச் சான்று தரணும். அதுக்கும் அப்புறம்தான் நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ். படிவம் 20, கஸ்டம்ஸ் தந்த பில் ஆஃப் என்ட்ரி, இன்சூரன்ஸ், வீட்டு முகவரிக்குச் சான்று. சேஸிஸ் நம்பரு மேல வெள்ளத்தாள வச்சுப் பென்சிலச் சாச்சுத் தேய்ச்சு, எழுத்து ஒண்ணொண்ணா எழும்பி வாரதப் பாத்திருக்கியா? பழைய வண்டில அந்தத் தகட்டுல துருவும் பெயிண்டும் அப்பிக்கிடக்கும். எட்டு மூணாத் தெரியும், மூணு எட்டாத் தெரியும். பில் ஆஃப் என்ட்ரில ஒரு நம்பரு, தாள்ல ஒரு நம்பருன்னா, அந்தத் தாள வச்சுக்கிட்டு நீயும் ஒரு எழுத்து எழும்புதான்னு வாழ்நாள் பூரா தேய்க்கலாம்.

நீ முழிக்க முழியப் பாத்தா, குறுக்கு வழி யோசிக்கன்னு தெரியுது. உங்க அப்பனும் யோசிக்கப்போ இப்பிடித்தான் இடது காதச் சொறிவான். ஒவ்வொண்ணாச் சொல்லு, கேட்டுக்கிடுதேன்.

வள்ளத்துல ராத்திரியோட ராத்திரியா ஏத்தி தருவைகுளத்துல எறக்கிரலாமா? இங்கனருந்து பீடி இலைய அந்தக் கரைக்குக் கடத்தப் பாத்தே மாட்டுதானுவ. மூட்டையவே ஒளிக்க முடியாத கடக்கரைல, நாலு சக்கரத்தோட நிக்கதை எந்த வலைக்கு அடில வைப்ப?

டூரிஸ்ட்டு மாதிரி கார்னே காகிதத்துல கொண்டாந்தா? வரலாம். ஆனா அது விருந்தாளிக் காகிதம். ஆறு மாசத்துக்குள்ள வண்டியத் திருப்பிக் கொண்டு போயிருவேன்னு ஜாமீன் கட்டிட்டு வரணும். விருந்துக்கு வந்தவன் ரேசன் கார்டுல பேர் சேக்கச் சொன்னா எப்பிடி?

பார்ட் பார்ட்டாக் கழட்டிக் கொண்டாந்து இங்கன மாட்டிட்டா? மாட்டலாம். கதவு வந்ததுக்கு பில் இருக்கும், இஞ்சின் வந்ததுக்கு பில் இருக்கும். காரு வந்ததுக்கு எங்கல பில்லு?

வேற மாநிலத்துல யாரையாவது பிடிச்சு நம்பர் வாங்கிட்டு வந்தா? அதுக்குத்தான் பக்கத்துலயே பாடம் நடந்துச்சு. 2025 செப்டம்பர்ல கேரளால கஸ்டம்ஸ்காரங்க "ஆபரேஷன் நும்கோர்"னு பேரு வச்சு இறங்குனாவ. நும்கோர்ன்னா பூட்டான் பாசைல வண்டி. பூட்டான் வழியா உள்ள வந்த பழைய சொகுசுக் காரெல்லாம், ராணுவம், தூதரகம்னு போலிக் காகிதத்தக் காட்டி வேற மாநிலத்துல பதிவாகி, கடைசில கேரளால வந்து நின்னுச்சுன்னு சொன்னாவ. முதல் நாளே முப்பது வண்டிக்கு மேல தூக்கிட்டாவ. பெரிய நடிகருங்க வீட்டு வாசல்லயே சோதனை. வாங்குனவுகள்ல பாதிப்பேருக்கு அது எங்கனருந்து வந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா காருக்கு முன்னால நிக்குதது வித்தவன் இல்ல, நீதான். புரோக்கரு "எல்லாம் கிளீன் பேப்பர் அண்ணாச்சி"ன்னான்னா, அந்தப் பேப்பர வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாரு.

மூஞ்சியத் தொங்கப் போடாத. ஒரு வழி இருக்கு. பெரியப்பா வீட்டுல இன்னொரு வண்டி சாக்கு போத்திக் கிடக்குன்னு சொன்னியே, மோரிஸ் மைனரு, 1959-ம் வருசத்தது. அதை ஏன் முதல்லயே சொல்லலங்கேன்! ஒரு காலத்துல கொழும்பு பூரா டாக்ஸியா ஓடுன வண்டில்லா அது. நம்ம சட்டத்தோட வினோதம் இங்கனதான் இருக்கு. மூணு வயசுக்குள்ள இருந்தா வா. அம்பது வயசு தாண்டினா அதுக்கும் வா. முன்னால 1950-க்கு முந்தின வண்டிக்குத்தான் விண்டேஜ் மரியாத குடுத்து உள்ள விட்டாவ. 2025-ல அம்பது வருசம் தாண்டினதுக்கெல்லாம் கதவத் தொறந்துட்டாவ. பச்சப்பிள்ளையும் உள்ள, பூட்டனும் உள்ள. நடுவயசுக்காரன் மட்டும் வாசல்ல நிக்கான். நம்ம வீட்டுலயும் அதுதான நடக்கு? உங்க அப்பங்கிட்ட கேளு.

விண்டேஜ் வண்டியப் பதியதுக்கு 2021 ஜூலைல தனி விதியே போட்டிருக்காவ. முதல் பதிவுத் தேதிலேருந்து அம்பது வருசம் ஆகியிருக்கணும். செஞ்ச வருசம் இல்ல, பதிஞ்ச தேதி. அதனால பெரியப்பாகிட்ட காரைக் கேக்கதுக்கு முன்னால கொழும்புப் பதிவுப் புத்தகத்தத் தேடச் சொல்லு. அது எந்தப் பெட்டில எலி கடிச்சுக் கிடக்கோ. சேஸிஸ், பாடி, இஞ்சின்ல பெரிசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. டொயோட்டா இஞ்சின வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தா மைனரு விண்டேஜ் இல்ல, வேசம். பதிவுக் கட்டணம் 20,000 ரூவா, பத்து வருசத்துக்கு. பெறவு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க 5,000. இதையே மலிவும்பேன். எப்படின்னா, சாதாரணமாப் பதிஞ்ச வெளிநாட்டுக் காரு இருவது வயசு தாண்டினா, புதுப்பிக்க மட்டும் 80,000 ரூவான்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாவ. நம்ம நாட்டுக் காருக்கு அது 10,000. நடுவயசுக்கு நாதியில்லன்னு சொன்னேனே, இதான் கணக்கு.

நம்பர் பிளேட்டுல ஒரு சின்ன வருத்தம் இருக்கு. டி.என். 69-ன்னு நம்ம ஊர் நம்பரப் போட்டுக்கிட்டு மதுரைக்காரன் முன்னால நிக்க முடியாது. டி.என். வி.ஏ.ன்னு தொடங்கி ரெண்டு எழுத்து, நாலு இலக்கம், அம்புட்டுதான். ஊர் பேரில்லாத கிழவன். ஆனா பாக்கவன் "இது என்ன வண்டில"ன்னு கேப்பான். நீ அதுக்குத்தான ஆசைப்பட்ட?

பெரிய வருத்தம் அடுத்தது. அந்த வண்டிய தினமும் ஓட்டக் கூடாது. வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போட, இப்பிடின்னாத்தான் வெளிய வரணும். நம்ம பனிமய மாதா கோவில் தங்கத்தேர் மாதிரின்னு வச்சுக்கோ. 1806-லேருந்து இருக்க தேரு. 2013-ல இழுத்தாவ, பெறவு 2023-ல இழுத்தாவ. நடுவுல யாராவது "சும்மாதான நிக்கு, பஜார் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவோம்"னு வடத்தப் பிடிச்சாவளா?

ஓட்டக் கூடாதுங்கதுலயும் ஒரு புத்தி இருக்கு. அந்த மைனருக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு. இஞ்சினு 948 சி.சி. சிக்னலு எப்பிடித் தெரியுமா? முன் கதவுக்குப் பின்னால இருக்க தூண்ல ஒரு சின்னக் கை ஒளிஞ்சிருக்கும். சுவிச்சத் தட்டினா ஆரஞ்சு வெளிச்சத்தோட டக்குன்னு வெளிய நீட்டும். பாதில மாட்டிக்கிட்டா, உள்ளருந்து தூண்ல ஒரு குத்து குத்தணும், அப்பத்தான் முழுசா எழும்பும். நீ தூணக் குத்திக்கிட்டு இருக்கப்போ பின்னால நாப்பது அடி கண்டெய்னர் டிரெய்லர் வருது. அந்த டிரைவருக்கு உன் வண்டி கை நீட்டுதா, கும்பிடுதான்னு எங்க தெரியப் போகுது? சீட் பெல்ட்டு கிடையாது. முன் சீட்டுக்காரனுக்குப் பெல்ட்டு வச்சே காரு செய்யணும்னு இங்கன விதி வந்ததே 1994-ல.

வந்ததும் உன் கைவரிசையக் காட்டிராத. எல்.இ.டி. பட்டை, சத்தம் போடுத சைலன்சரு, முன்னால இரும்புக் கம்பி, கண்ணாடில கறுப்பு ஒட்டு. கறுப்பு ஒட்ட 2012-லயே உச்ச நீதிமன்றம் கிழிச்சாச்சு. வண்டி செஞ்சவன் குடுத்த உருவத்த மாத்தக் கூடாதுன்னு சட்டத்துல 52-ம் பிரிவு நிக்கு. ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 அபராதம். பதியாம ஓட்டினா அது தனிக் கணக்கு, முதல் தடவ 5,000 வரைக்கும், அடுத்த தடவ 10,000 வரைக்கும். நீ ஒட்டுத அழகெல்லாம் போலீஸ்காரரு நோட்டுல வரிசையா ஏறும்.

இம்புட்டும் கேட்டும் மோரிஸ்தான் வேணும்னா கடலத் தாண்டாத ஒரு மோரிஸும் இருக்கு. அதே மைனர நம்ம நாட்டுலயே பேபி ஹிந்துஸ்தான்னு வித்தாவ. எங்கயாவது மாந்தோப்புக் கொட்டாய்ல கோழி அடைஞ்சு கிடக்கும். ஆர்.சி. புக்கோட ஒண்ணு கிடைச்சா தீர்வையும் இல்ல, மும்பையும் இல்ல. பழைய நம்பரையே வச்சுக்கிடவும் விதில எடம் இருக்கு. ஆனா அதைச் சொன்னா நீ கேக்க மாட்ட. உனக்கு வெளிநாட்டுலேருந்து வரணும். உள்ளூர்க் கோழி மிதிச்ச காருன்னா உங்க அம்மை குழாயடில எப்பிடிச் சொல்லுவா?

அதனால வரிசையச் சொல்லுதேன், எழுதிக்க. முதல்ல பெரியப்பாகிட்ட பதிவுப் புத்தகத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. சேஸிஸ் நம்பர அவரு கையால தேய்ச்சு அனுப்பச் சொல்லு. ரெண்டும் ஒத்து வருதான்னு நான் கண்ணாடி போட்டுப் பாக்கேன். நல்ல கஸ்டம்ஸ் ஏஜெண்டு ஒருத்தருகிட்ட, எந்த வாசல்ல எறக்கணும், எம்புட்டு தீர்வைன்னு எழுத்துல வாங்கு. நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விண்டேஜ் பதிவுக்கு என்ன வேணும்னு நேர்ல போயி கேளு, வாசல்ல நிக்க புரோக்கர்கிட்ட கேக்காத. இதெல்லாம் கைக்கு வந்த பெறவு பெரியப்பாவுக்கு நன்றி சொல்லு. மாலை நான் வாங்குதேன்.

காரு வந்து, நம்பரும் வந்து, போத்தி வச்சு ஊரே வந்து பாத்துட்டுப் போகட்டும். ஆனா உங்க அம்மைக்கு தெனமும் மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கணும். விண்டேஜ்ல போயி சாளை வாங்கச் சட்டம் விடாது. அந்த டி.வி.எஸ். எக்ஸெல்ல மட்டும் வித்துராத மருமவனே.